பயணத்துக்கு எடை குறைந்த ஸ்ட்ரோலர்: கிருஷ்ணகிரிச் சாலைக்கும் சிங்கப்பூர் விமானத்துக்கும் ஒரே வண்டி போதுமா?

நீங்கள் எழுதியிருக்கும் விவரம் இது: கிருஷ்ணகிரியில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் முதல் மாடியில் குடியிருக்கிறீர்கள், மகளுக்குப் பத்து மாதம், எடை எட்டரை கிலோ, நீங்களும் கணவரும் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு, மாதத்துக்கு ஓரிரு முறை பேருந்திலோ காரிலோ பெங்களூரு போகிறீர்கள், டிசம்பரில் அண்ணன் வீட்டுக்குச் சிங்கப்பூர் செல்லவிருக்கிறீர்கள். இவ்வளவையும் சொல்லி, ஐந்து கிலோவுக்குள் இருக்கும் ஸ்ட்ரோலர்களில், அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் மடிப்பு வண்டிகளில், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தருமபுரியில் குழந்தைப் பொருள்கள் விற்கும் கடையில் இந்த வண்டிகளை விற்பதும், பழுதாகித் திரும்பி வருபவற்றைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். எனவே விற்பவனாக அன்றி, பழுதுபார்ப்பவனாகவே பெரும்பாலும் பதில் சொல்லப் போகிறேன்.

ஐந்து கிலோ என்ற வரம்பை நீங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் வைத்திருக்கிறீர்கள். என் கணிப்பில் அது மூன்றாவதாக வர வேண்டியது. ஒரு நாளில் வண்டியை எத்தனை முறை தூக்க நேர்கிறது, அதைத் தூக்குபவர் யார், எந்தத் தரையில் எவ்வளவு நேரம் தள்ள நேர்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கடுத்தது, மடித்தபின் அது எந்த இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் எடை எவ்வளவு இருக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் தூக்குவதற்கென்றே செய்யப்பட்ட வண்டியை வாங்கினால், ஆறு மாதத்தில் அது பரணில் ஏறிவிடுவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

எடை குறைந்த வண்டி என்பது எங்கோ ஓரிடத்தில் எதையோ விட்டுக்கொடுத்த வண்டி. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பத்து கிலோ எடையுள்ள சாதாரண ஸ்ட்ரோலரை ஐந்து கிலோவாக்க வேண்டுமானால், சட்டத்தின் குழாயை மெல்லியதாக்க வேண்டும், சக்கரத்தின் விட்டத்தைக் குறைக்க வேண்டும், சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்கை எடுத்துவிட வேண்டும், சீட்டின் பஞ்சைக் குறைத்து முதுகுப்பகுதியை வெறும் துணியாக விட வேண்டும், நிழற்கூரையைப் பாதியாக வெட்ட வேண்டும், அடியில் இருக்கும் கூடையைச் சுருக்க வேண்டும். இவற்றில் எதை விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு நட்டமில்லை என்று பார்ப்பதுதான் தேர்வு. கூடை சிறிதாவதால் உங்களுக்குப் பெரிய குறையில்லை, தோளில் ஒரு பையை மாட்டிக்கொள்ளலாம். சக்கரமும் நிழற்கூரையும் குறைவது நம் ஊரில் பெரிய குறை.

இந்த வகை வண்டி எப்படி வந்தது என்பது சிறிது சுவையான செய்தி. ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பை வடிவமைப்பதில் ஈடுபட்டவர். ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் கனமான வண்டியோடு அல்லாடுவதைப் பார்த்து, 1965-ல் அலுமினியக் குழாய்களால் குடைபோல மடங்கும் வண்டியொன்றை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 2.7 கிலோ. இன்றும் நாம் குடைமடிப்பு என்று சொல்லும் நீள வண்டிகள் எல்லாம் அதன் வாரிசுகளே. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2012-ல் பிரெஞ்சு நிறுவனமான பேபிசென் வெளியிட்ட யோயோ, பெட்டிபோல மடங்கி விமானத்தின் தலைக்குமேல் உள்ள அறைக்குள் செல்லும் வகையைப் பரவலாக்கியது. இன்று நம் நாட்டில் ஆர் ஃபார் ராபிட், லவ்லேப், பேபிஹக், மீ மீ போன்ற பெயர்களில் கிடைக்கும் சிறிய வண்டிகள் பெரும்பாலும் இவ்விரண்டு மடிப்புகளில் ஒன்றைத்தான் பின்பற்றுகின்றன.

இரண்டு மடிப்புக்கும் வேறுபாடு என்னவென்றால், குடைமடிப்பு வண்டி மடித்தபின் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் ஒல்லியாக இருக்கும். சுவரில் சாய்த்து வைக்கலாம், கதவுக்குப் பின்னால் நிறுத்தலாம், ஆனால் பேருந்து இருக்கைக்கு அடியில் போகாது, சிறிய காரின் டிக்கியில் குறுக்காக வைத்தால் வேறெதற்கும் இடமிருக்காது. பெட்டிமடிப்பு வண்டி மடித்தபின் பள்ளிப் பையைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். பேருந்தில் காலுக்கு முன்னால் நிற்கும், காரில் முன்சீட்டின் கால்வைக்கும் இடத்தில்கூட அடங்கும். உங்கள் கார் சிஎன்ஜி பொருத்தியது என்றால், டிக்கியில் பாதி சிலிண்டருக்கே போயிருக்கும். அந்த நிலையில் குடைமடிப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மடிப்பைக் கடையில் சோதிக்கும்போது விற்பனையாளர் செய்துகாட்டுவதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதீர்கள். அவருக்கு இரண்டு கைகளும் ஓய்வாக இருக்கும், தரை வழுவழுப்பாக இருக்கும், அன்று காலையிலிருந்து அதையே பலமுறை செய்திருப்பார். குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடியுங்கள். மடித்ததைக் கீழே வைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, மறுபடி ஒற்றைக் கையால் விரியுங்கள். ஒரு கையால் மடியும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் வண்டிகளில் பல, மடிவதற்கு ஒரு கையையும், மடிந்தபின் பூட்டும் கொக்கியை மாட்டுவதற்கு இன்னொரு கையையும் கேட்கும். அந்தக் கொக்கி தானாக விழுந்து பூட்டிக்கொள்கிறதா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள். தானாகப் பூட்டாத வண்டி, முதல் மாடிப் படிக்கட்டில் பாதி ஏறும்போது கையிலேயே விரிந்துகொள்ளும். பிறகு இதே சோதனையை உங்கள் மாமியாரையும் செய்யச் சொல்லுங்கள். பகலில் அந்த வண்டி அவருடையது. குனிந்து, ஒரு பெடலைக் காலால் மிதித்து, அதே நேரத்தில் கைப்பிடியை முன்னால் தள்ளித்தான் மடிக்க முடியும் என்ற அமைப்பு முழங்கால் வலி உள்ளவருக்கு ஆகாது. கைப்பிடியிலேயே பொத்தான் இருக்கும் அமைப்பை அவர் நின்றபடியே மடித்துவிடலாம்.

மடிப்பைப் பற்றிப் பேசும்போது விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில், அமெரிக்காவில் விற்கப்பட்ட சுமார் பத்து லட்சம் மெக்லாரன் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியை விரிக்கும்போது பக்கவாட்டுக் கீலில் சிக்கிப் பன்னிரண்டு குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாக அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார்கள் வந்திருந்தன. கீலை மூடுவதற்கான உறைகளை நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. இன்றைய நல்ல வண்டிகளில் கீல் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கும். விலை மலிவான சிலவற்றில் இன்னமும் கத்தரிக்கோல் வாய்போலத் திறந்தே இருக்கிறது. கடையில் வண்டியைப் பாதி மடித்த நிலையில் நிறுத்தி, பக்கவாட்டில் உங்கள் சுண்டுவிரல் நுழையக்கூடிய இடம் எங்கெங்கே இருக்கிறது என்று தடவிப் பாருங்கள். எப்படிப்பட்ட வண்டியானாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை யாராவது ஒருவர் கையில் இருக்க வேண்டும். தவழும் வயதில் அவள் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி சக்கரம். என்னிடம் பழுதுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை சக்கரத்தால்தான் வருகின்றன என்பதால் இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன். ஐந்து கிலோவுக்குக் கீழே உள்ள வண்டிகளின் முன்சக்கரம் பெரும்பாலும் நான்கரை முதல் ஐந்தரை அங்குல விட்டத்தில் இருக்கும். அளவெடுத்ததுபோல வழுவழுப்பான தரை உள்ள விமான நிலையத்துக்கும் வணிக வளாகத்துக்கும் அது போதும். கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுத் தெருவிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரைக்கும் ஒருமுறை வெறுங்கையோடு நடந்து, கீழே பார்த்துக்கொண்டே போங்கள். சாக்கடை மேல் மூடியிருக்கும் சிமெண்டுப் பலகைகளுக்கு நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கும். வீட்டு வாசல்களிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுகள் நடைபாதையை வெட்டிக்கொண்டிருக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் ஜல்லி மேலெழும்பிக் கிடக்கும். பலகை இடைவெளியில் ஐந்து அங்குல இரட்டைச் சக்கரம் நேராக இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் நடந்துகொண்டிருக்கும் வேகத்தில் கைப்பிடி உங்கள் வயிற்றில் இடிக்கும், குழந்தை பெல்ட்டில் முன்னால் சாயும். பெல்ட் போடாத குழந்தை விழுந்துவிடும்.

சக்கரத்தின் அளவு எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டில், ஸ்பிரிங் இல்லாத ஐந்து அங்குலச் சக்கரம் நேராக ஏற, அந்தச் சக்கரத்தின்மேல் இருக்கும் பாரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான விசையால் கிடைமட்டமாகத் தள்ள வேண்டும். எட்டு அங்குலச் சக்கரத்துக்கு ஏறத்தாழ ஒரு மடங்கு போதும். இதனால்தான் சிறு சக்கர வண்டியை ஓட்டுபவர்கள் ஒவ்வொரு மேட்டிலும் கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கிறார்கள். அப்படி அழுத்தும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் நடுக்கீல் வளைவு விசையைத் தாங்குகிறது. ஒரு வருடம் இப்படி ஓடிய மெல்லிய சட்டத்து வண்டியில் ரிவெட் துளை நீள்வட்டமாகி, வண்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ரிவெட்டை மாற்றலாம், துளையை மாற்ற முடியாது.

ஆகவே, உள்ளூரிலும் ஓட்டுவதாக இருந்தால் சில அடையாளங்களைத் தேடுங்கள். முன்சக்கரம் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறதா என்பதை, கைப்பிடியை விட்டுவிட்டு முன்பகுதிச் சட்டத்தைக் கையால் அழுத்திப் பார்த்தால் தெரியும். சில வண்டிகளில் ஸ்பிரிங் போலத் தோன்றும் பிளாஸ்டிக் உறை மட்டுமே இருக்கும், அழுத்தினால் ஒரு நூலளவும் இறங்காது. முன்சக்கரம் எல்லாப் பக்கமும் சுழல்வதோடு, தேவைப்படும்போது நேராகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் இருக்க வேண்டும். ஜல்லியிலும் மண்ணிலும் சுழலும் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிடும், பூட்டியது நேராகப் போகும். சக்கரம் வெறும் கடின பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டாம். ஈவிஏ ரப்பர் நுரையோ பாலியூரிதேனோ சுற்றியிருந்தால் அதிர்வு குறையும், ஆணி குத்தினாலும் கவலையில்லை. காற்றடிக்கும் டயர் எடை குறைந்த வண்டிகளில் வராது, வந்தாலும் பஞ்சர் ஒட்டும் வேலை உங்களுக்கு வேண்டாம். மிக மோசமான தரையில், உதாரணமாக பர்கூர் ஜவுளிக் கடைகளின் முன்னால் இருக்கும் புழுதித் தரையிலோ வாரச்சந்தை மைதானத்திலோ, எந்தச் சிறு வண்டியையும் முன்னால் தள்ளுவதைவிட, திருப்பி நின்று பின்சக்கரம் முன்னால் வர இழுத்துக்கொண்டு போவது எளிது.

சேலை கட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பின்சக்கரங்களுக்கு நடுவே ஓடும் அச்சு, நடக்கும்போது உங்கள் கால் கட்டைவிரலில் தட்டுகிறதா என்றும், சேலையின் கரை சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் இடையில் சிக்குமா என்றும் நடந்து பாருங்கள். இந்தச் சோதனையை ஜீன்ஸ் போட்டவர் செய்து பயனில்லை. பிரேக்கையும் செருப்புக் காலோடு போட்டு எடுத்துப் பாருங்கள். மிதித்தால் பூட்டி, மறுபடி மிதித்தால் விடும் அமைப்பே நமக்கு ஏற்றது. கால்விரலால் மேலே நெம்ப வேண்டிய பிரேக், ஷூ அணிந்து நடக்கும் நாட்டுக்காகச் செய்யப்பட்டது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே மிதியில் பூட்டுவது இன்னும் நல்லது, ஏனென்றால் கிருஷ்ணகிரியில் மேடு பள்ளம் இல்லாத தெரு குறைவு.

அடுத்து, குழந்தைக்கு இது பொருந்துமா என்ற பக்கம். பத்து மாதம், எட்டரை கிலோ என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பெண் குழந்தைகளின் நடுமதிப்போடு சரியாக ஒத்துப்போகிறது. அதே அட்டவணைப்படி இரண்டு வயதில் 11.5 கிலோவும், மூன்று வயதில் 13.9 கிலோவும் நடுமதிப்பு. எனவே பெரும்பாலான சிறு வண்டிகளில் குறிப்பிட்டிருக்கும் 15 கிலோ வரம்பு மூன்று வயது வரை உங்களுக்குப் போதும். 22 கிலோ தாங்கும் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று வயதுக்குப் பிறகு அவள் அதில் உட்கார மாட்டாள் என்பது வேறு செய்தி. உங்கள் மகள் நன்றாக உட்காரத் தொடங்கிவிட்டதால் முழுவதும் படுக்கையாகச் சாயும் சீட்டு கட்டாயமில்லை. பிறந்த குழந்தைக்கு வாங்குபவராக இருந்தால் என் பதில் மாறியிருக்கும், ஏனெனில் ஐரோப்பியத் தர விதியான இஎன் 1888, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கான சீட்டில் முதுகுப்பகுதிக்கும் அமரும் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி விரிவைக் கேட்கிறது, ஐந்து கிலோ வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. உங்களுக்கு, தூங்கும்போது தலை முன்னால் தொங்காத அளவுக்குச் சாய்ந்தால் போதும். சாய்வை நாடாவால் சரிசெய்யும் அமைப்பு எடையில் இலேசு, நுணுக்கமாகவும் சாய்க்கலாம், ஆனால் தூங்கிய குழந்தையை மெல்லச் சாய்க்கும்போது நாடா வழுக்கிச் சட்டென்று இறங்கிவிடும். ஒரு கையை முதுகுக்குக் கீழே கொடுத்துக்கொண்டு சாய்க்கப் பழகுங்கள்.

பெல்ட் ஐந்து முனை கொண்டதாகவே இருக்கட்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பைச் சுற்றி மட்டும் வரும் பெல்ட் போட்ட பத்து மாதக் குழந்தை, எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட அன்றே வண்டியில் நின்று காட்டும். தோள் பட்டையைத் துணியில் இருக்கும் இரண்டு உயரங்களில் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். ஒரே உயரத்தில் தைத்துவிட்ட பட்டை ஒன்றரை வயதில் தோளை அழுத்தும்.

கைப்பிடியில் பை மாட்டுவது எல்லாரும் செய்வது, நானும் தடுத்துப் பார்த்துவிட்டேன். வண்டியே ஐந்து கிலோ, குழந்தை எட்டரை கிலோ என்றிருக்கும்போது நான்கு கிலோ காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால், குழந்தை உட்கார்ந்திருக்கும் வரை வண்டி நிற்கும். அவளைத் தூக்கிய நொடியில் பின்னால் சாயும். குழந்தையைத் தூக்கும்முன் பையை எடுப்பது என்ற பழக்கம் மாமியாருக்கும் உங்களுக்கும் வந்துவிட்டால் தொல்லையில்லை. கனமான வண்டிகளில் இது இவ்வளவு சிக்கலில்லை. இலேசான வண்டியின் தவிர்க்க முடியாத குணம் இது.

வெயிலைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லாமல் விட முடியாது. சிறு வண்டிகளின் நிழற்கூரை பெரும்பாலும் குழந்தையின் நெற்றி வரைக்குமே வரும். மாலை நாலரை மணிச் சாய்வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அதனால் பலர் மேலே ஒரு துண்டையோ துப்பட்டாவையோ போட்டு மூடிவிடுகிறார்கள். அப்படி மூடினால் உள்ளே காற்று நின்று, வெளியே இருப்பதைவிடச் சூடு வேகமாக ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதுபோலவே தெரியும். மூடவே கூடாது. மடிப்பு மடிப்பாக நீண்டு முழங்கால் வரை வரும் கூரையும், பின்பக்கம் வலைத்துணியும் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இதற்காக முந்நூறு நானூறு கிராம் எடை கூடினால் கூடட்டும். முதுகுப் பக்கம் தடித்த பஞ்சு வைத்த சீட்டைக் கடையில் தொட்டுப் பார்த்து மகிழ்பவர்கள், ஏப்ரலில் குழந்தையின் முதுகில் வேர்க்குருவைப் பார்க்கிறார்கள். வலைத்துணி முதுகே நமக்குச் சரி.

இப்போது பயணத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லாததால் உங்கள் ரயில் பயணம் எதுவாக இருந்தாலும் அது ஓசூர், தருமபுரி, மொரப்பூர், ஜோலார்பேட்டை போன்ற ஊர்களுக்கு ஒரு பேருந்தோடோ காரோடோதான் தொடங்கும். ஆகவே வண்டி முதலில் பேருந்துக்குப் பொருந்த வேண்டும். நம் அரசுப் பேருந்தில் ஏறும் படி உயரம், கூட்டமும் உண்டு. விரித்த வண்டியோடு ஏறுவது நடவாத காரியம். நிறுத்தத்திலேயே மடித்து, பெட்டியைத் தோளில் மாட்டி, குழந்தையை இடுப்பில் வைத்து ஏறுவதுதான் வழி. அதனால் பெட்டிமடிப்பு வண்டியில் தோள்வார் இருப்பது ஆடம்பரமில்லை. அந்த வார் மெல்லிய நாடாவாக இருந்தால் ஆறு கிலோ எடை தோளை அறுக்கும். அகலமான வாரைத் தனியே மாட்டிக்கொள்ள இரண்டு வளையங்கள் இருந்தால் போதும். பெங்களூரு பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருப்பதால், மடித்த வண்டி உங்கள் முழங்காலுக்கு முன்னால் நிற்குமா என்பதை அளந்துகொள்ளுங்கள். சக்கரம் வெளிப்பக்கம் பார்த்து மடியும் வண்டி உங்கள் சேலையிலும் பக்கத்தில் இருப்பவர் வேட்டியிலும் சாலைப் புழுதியைப் பூசும், ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு வைத்தால் சண்டை வராது.

காரில் போவதானால் ஸ்ட்ரோலர் டிக்கியில் இருக்க வேண்டிய பொருள் மட்டுமே. தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகும்போதோ, பெங்களூருச் சாலையிலோ குழந்தையின் பாதுகாப்புக்கு அதற்கென்ற கார் சீட்டு தனியே வேண்டும்.

விமானத்துக்குத்தான் மக்கள் எடையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள், உண்மையில் அங்கேதான் கவலை குறைவு. கைக்குழந்தையோடு செல்பவரின் ஸ்ட்ரோலரைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தனிக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன. விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே ஒப்படைக்கும் முறையும் பல நிறுவனங்களில் உண்டு. உள்ளேயே எடுத்துச் செல்ல வேண்டுமென்றால்தான் அளவு முக்கியமாகிறது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா குறிப்பிடும் கைப்பை அளவு 56 × 45 × 25 சென்டிமீட்டர். யோயோ மடித்தால் 52 × 44 × 18, அதற்குள் அடங்கும். ஆனால் நம் நாட்டு விமானங்களில் பரவலாக இருக்கும் அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டர், எடை 7 கிலோ. இந்த 35 என்ற அகலத்துக்குள் 44 சென்டிமீட்டர் வண்டி அடங்காது. கேபினுக்குள் போகும் என்று அட்டையில் எழுதியிருக்கும் வண்டிகளை இந்த ஒரு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். மடித்த அளவில் மிகச் சிறியது என்று 2014-ல் கின்னஸ் பதிவு பெற்ற ஜிபி பாக்கிட், 35 × 30 × 18 சென்டிமீட்டராகவும் நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமாகவும் இருந்தது. அது எந்த விமானத்திலும் நுழையும். ஆனால் அதன் முதல் வடிவத்தில் சீட்டு சாயாது, சக்கரமும் நம் தெருவுக்கு ஆகாது.

சிங்கப்பூர் இறங்கிய பிறகு நிலைமை தலைகீழ். அங்கே நடைபாதை சமதளம், ரயில் நிலையம்தோறும் லிஃப்ட், நகரப் பேருந்துகளில் 2017 முதல் ஸ்ட்ரோலரை விரித்தபடியே ஏற்ற அனுமதி உண்டு. சாங்கி விமான நிலையத்திலேயே இலவசமாகப் பயன்படுத்த ஸ்ட்ரோலர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்கு நான்கு கிலோ வண்டி சொர்க்கமாக இருக்கும். அதை மனத்தில் வைத்து வாங்கினால், மீதிப் பதினொன்றரை மாதமும் உங்கள் மாமியார் லண்டன்பேட்டைத் தெருக்களில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அண்ணன் அங்கிருந்தே ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னாலும் யோசித்துச் சரி சொல்லுங்கள். முன்சக்கரம் உடைந்தால் அந்த மாதிரிக்கு உதிரி இங்கே கிடைக்காது, என்னிடம் அப்படி வந்து சேர்ந்த நல்ல விலை வண்டிகள் சக்கரமின்றிக் கிடக்கின்றன.

எங்கெல்லாம் வண்டி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும். ஒகேனக்கல்லில் பரிசல் துறைக்கு இறங்கும் ஈரப் பாறையிலும், தீர்த்தமலைப் படிகளிலும், கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலும் எந்த ஸ்ட்ரோலரும் சுமைதான். அந்த இடங்களுக்கு நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பையோ, இடுப்போ போதும். கிருஷ்ணகிரி அணைப் பூங்காவுக்கும், மாங்கனிக் கண்காட்சிக்கும் வண்டி உதவும்; கண்காட்சியில் கூட்டம் சேரும் மாலை நேரத்தைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டத்தில் வண்டியின் உயரம் யார் கண்ணுக்கும் படாது.

உங்களுக்கு என்ன வாங்கச் சொல்கிறேன் என்றால், ஆறிலிருந்து ஏழு கிலோவுக்குள், பெட்டிபோல மடிந்து தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆறு அங்குல முன்சக்கரமும் உண்மையான ஸ்பிரிங்கும் நீண்ட கூரையும் உள்ள வண்டி. உள்நாட்டுப் பெயர்களில் இது ஏறத்தாழ ஆறாயிரத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஐந்து கிலோவிலிருந்து கூடும் அந்த ஒன்றரை கிலோவை மாடிப்படியில் தூக்குவது யார் என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கிறேன்: வண்டியை மாடிக்கு ஏற்றவே வேண்டாம். கீழே மாடிப்படிக்கு அடியில் இடமிருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டு, சுவரில் ஒரு வளையம் அடித்து, சைக்கிள் பூட்டால் கட்டி, மேலே ஒரு உறையைப் போட்டுவிடுங்கள். மாமியார் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கினால் போதும். அப்படி இடம் கிடைக்கவே கிடைக்காது, நாளுக்கு இரண்டு முறை அவரே தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், அப்போது மட்டும் ஐந்து கிலோ வண்டியை வாங்கி, அதை வீட்டு வாசல் தெருவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

பெங்களூரு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சில மாதங்களே ஓடிய வெளிநாட்டு வண்டிகள் பாதி விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. காலி வண்டியை விரித்து, கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் முறுக்கிப் பாருங்கள், நடுக்கீலில் கடகடவென்று ஓசை வந்தால் விட்டுவிடுங்கள். சமதரையில் மெல்லத் தள்ளிவிட்டால் ஐந்தாறு அடி நேராக ஓட வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் அச்சு வளைந்திருக்கிறது. பெல்ட்டின் கொக்கியைப் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். துணி அழுக்காக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது துவைத்தால் போகும்.

எந்த வண்டியானாலும் மாதத்துக்கு ஒருமுறை சக்கர அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் பிளேடால் அறுத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், இரண்டு நாளில் புழுதி ஒட்டிக் களிம்பாகிவிடும். கடைகளில் கிடைக்கும் சிலிகான் ஸ்பிரே ஒரு சொட்டு போதும்.

டிசம்பர்ப் பயணத்துக்கு இதை வாங்குவதானால் அக்டோபரிலேயே வாங்கி, ஓரிரு வாரம் உள்ளூரில் ஓட்டிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் குறை எதுவானாலும் தெரிந்துவிடும். புறப்படும் நாளில், விமான வாசலில் ஒப்படைக்கும் முன், கழற்றக்கூடிய முன்கம்பி, தம்ளர் தாங்கி, மழை உறை ஆகியவற்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், தொலைவதெல்லாம் அவைதான். சட்டத்தில் உங்கள் பெயரையும் அண்ணனின் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். வண்டி அங்கே விமான வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்பதை ஒப்படைக்கும்போதே ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறங்கியதும் வாசலில் வீணாகக் காத்திருக்க நேரும்.